9 டைல், 18 இரவு: நேரமில்லாத அப்பா அம்மாவுக்கு வண்ண அரிசிக் கோலம்

நான் முதல் தடவை அரிசிக் கோலம் போட்டது தீபாவளிக்கு முந்தின நாள். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து வந்து, குளித்துவிட்டு, கூடத்தில் நான்கடிக்கு ஒரு வட்டம் கிழித்து உட்கார்ந்தேன். அடுப்படியில் மனைவி அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். மதியம் மூன்று மணிக்குள் தாமரை முக்கால்வாசி வந்துவிட்டது. மூன்றேகாலுக்குச் சின்னவன் தன் பொம்மை லோரியை அதன் குறுக்கே ஓட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் தினமும் லோரி ஓட்டும் பாதையே அதுதான். நான்தான் அதன் மேல் தாமரை போட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் முறையை மாற்றினேன். தரையில் போடுவதை விட்டு, ஓரடிச் சதுர டைல்களில் தனித்தனியாக ஒட்டி, தீபாவளி விடியற்காலையில் வாசலில் அடுக்குவது. ஒன்பது டைல் சேர்ந்தால் மூன்றடிக் கோலம். பாதியில் எழுந்து போகலாம். குழந்தை அழுதால் போகலாம். ஓவர்டைம் என்று போன் வந்தாலும் போகலாம். டைல் அலமாரி மேல் பத்திரமாக இருக்கும். கைவேலை என்றால் பக்கத்திலேயே வராதவர்களும் செய்யக்கூடியது இது. நான் படம் வரைந்ததே பள்ளிக்கூடத்தோடு சரி.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை குளிர்நாட்டுக்காரர்களுக்கு இலையுதிர்காலம். பினாங்கில் இலையும் உதிர்வதில்லை, குளிரும் வருவதில்லை, மழைதான். வருடத்திலேயே அதிக மழை செப்டம்பர், அக்டோபரில். புரட்டாசி விரதம், நவராத்திரி, பிள்ளைகளின் பரீட்சை, தீபாவளித் துணிமணி, பலகாரம் எல்லாம் அந்த ஈரத்துக்குள்ளேயே வந்து விழும். மாலை நேரம் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால், கைக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது என்பது என் கணக்கு.

முதலில் நாள்கணக்கு

தீபாவளித் தேதி ஒவ்வொரு வருடமும் தாவும். 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அதனால் "அக்டோபர் முதல் வாரம் ஆரம்பிக்கலாம்" என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடம் சரியாக இருக்கும், மறு வருடம் கழுத்தைப் பிடிக்கும். நான் விஜயதசமியிலிருந்து எண்ணுகிறேன். அதற்கும் தீபாவளிக்கும் நடுவில் 18 முதல் 20 நாள் இருக்கும். ஒன்பது டைல், ஒன்றுக்கு இரண்டு இரவு, ஆக 18. நான் கண்டுபிடித்த கணக்கில்லை இது, பஞ்சாங்கம் போட்டுக் கொடுத்தது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள விஜயதசமி நல்ல நாள் என்று வீட்டுப் பெரியவர்களும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஆக, நவராத்திரி ஒன்பது நாளுக்குள் சாமான் வாங்கி அரிசிக்குச் சாயம் ஏற்றிவிடுங்கள். ஒட்டுவது விஜயதசமிக்குப் பிறகு. ஷிப்டு வேலைக்காரர்கள் 18 இரவும் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். ஓய்வு நாளில் இரண்டு டைலைச் சேர்த்துச் செய்தால் ஈடாகிவிடும். கடைசி மூன்று நாளை மட்டும் காலியாக விடுங்கள். அந்த மூன்று நாளில் ஒரு வேலையும் நடக்காது, நடந்ததாகச் சரித்திரமும் இல்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

டைல்: பழைய செராமிக் தரை டைல், 30 சென்டிமீட்டர் சதுரம். வீட்டைச் செப்பனிட்டபோது மிஞ்சியது யார் வீட்டிலாவது கட்டிலுக்கடியில் கட்டாயம் இருக்கும். கேட்டால் "எடுத்துட்டுப் போங்க" என்று சந்தோஷமாகக் கொடுப்பார்கள். எல்லாம் ஒரே அளவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நிறம் எதுவானாலும் சரி. ஏனென்றால் நாம் ஒட்டப்போவது டைலின் பின்பக்கத்தில். முன்பக்கம் வழுக்கும், பசை உரிந்து வரும். பின்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் பசையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பென்சில் கோடும் நன்றாக விழும். முதலில் நான் அட்டைப்பெட்டியை வெட்டித்தான் செய்து பார்த்தேன். பசை காயக் காய அட்டை அப்பளம் போல வளைந்துவிட்டது.

அரிசி: இருப்பதிலேயே மலிவான பச்சரிசி, கிடைத்தால் நொய். பாஸ்மதி வேண்டாம், நீள அரிசி ஒட்டினால் கோலம் ஈர்க்குச்சி பரப்பினது போல இருக்கும். வெள்ளை நிறத்துக்கு மட்டும் அரைக் கிலோ பூலுட் அரிசி, அதாவது சமைத்தால் பசைபோல ஒட்டும் அரிசி, வாங்குங்கள். சாதாரண அரிசி கண்ணாடி போலக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பூலுட் பால்வெள்ளை. ஒன்பது டைலுக்கும் எல்லா நிறமும் சேர்த்து இரண்டு கிலோ தாராளம். ஒட்டாமல் தரையில் கொட்டிப் போடுகிறவர்களுக்கு அதே மூன்றடிக்கு மூன்று கிலோவுக்கு மேல் பிடிக்கும், ஏனென்றால் அங்கே கனமாகப் பரப்பினால்தான் தரை தெரியாது.

பிறகு வெள்ளைப் பசை ஒரு பெரிய போத்தல், கூர்மூக்கு வைத்த சின்னப் போத்தல் ஒன்று, பழைய தூரிகை, வினிகர், சமையல் சாயம். சாயம் கேக் சாமான் விற்கும் கடையில் சின்னச் சின்னப் போத்தலில் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று போதும்; பச்சையும் ஆரஞ்சும் ஊதாவும் கலந்து எடுத்துக்கொள்ளலாம். ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு எப்படியும் தீபாவளிச் சாமான் வாங்கப் போவீர்கள். அப்போது கோலப்பொடிக் கடையில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுப்பாக இருக்கிறது என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பொடி வாங்க வேண்டாம், பார்த்தால் போதும்.

கறுப்புக்கு ஒரு ரகசியம். சமையல் சாயத்தில் கறுப்பு சரியாக வராது, சாம்பலில் நின்றுவிடும். புத்தகக் கடையில் சீனப் பள்ளிப் பிள்ளைகள் தூரிகை எழுத்துக்கு வாங்கும் மை இருக்கிறதே, அதை வாங்குங்கள். கரியில் செய்தது, ஒரு தேக்கரண்டி மையில் கால் கிலோ அரிசி அட்டக்கறுப்பாகிவிடும், காய்ந்தபின் அவ்வளவாகக் கசியவும் செய்யாது.

சாயமே வேண்டாம் என்பவர்களுக்கு அடுக்களை இருக்கிறது. மைசூர்ப் பருப்பு ஆரஞ்சு, பாசிப் பருப்பு மஞ்சள், முழுப் பச்சைப் பயறு பச்சை, எள் கறுப்பு. நான்கு நிறம் ஆயிற்று. எங்கள் மகள் தன் முதல் டைலை அப்படித்தான் செய்தாள். அது இன்னும் அவள் படிப்பு மேசையில் சாய்ந்து நிற்கிறது.

சாயம் ஏற்றுவது

அரிசியைக் கழுவாதீர்கள். பழக்க தோஷத்தில் கழுவிவிடுவோம். கழுவினால் ஊறி, நொறுங்கி, கட்டி கட்டும். கால் கிலோ அரிசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போடுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டியை விடச் சற்றுக் கூடுதலாக வினிகர், அதில் பதினைந்து இருபது சொட்டுச் சாயம். கலக்கிப் பையில் ஊற்றி, காற்று கொஞ்சம் உள்ளே இருக்கும்படி வாயை இறுக்கிக் கட்டிக் குலுக்க வேண்டும். இந்த வேலையைச் சின்னவனிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருளை முழு பலத்தோடு குலுக்க அனுமதி கிடைப்பது வருடத்தில் ஒரு நாள்தான். பையை இரண்டாகப் போட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

நிறம் வெளிறித் தெரிந்தால் இன்னும் ஐந்து சொட்டு. தண்ணீர் சேர்க்கவே கூடாது.

புங்கா தெலாங் பற்றி ஒரு வார்த்தை. நம் சங்குப்பூதான், நோன்யா எனப்படும் சீன-மலாய் கலப்புச் சமையலின் பலகாரத்துக்கும் சோற்றுக்கும் நீல நிறம் கொடுப்பது. மாமியார் வீட்டு வேலியில் நிறையப் பூத்திருந்தது என்று ஒரு கைப்பிடி பறித்து, கொஞ்சமாக வெந்நீர் விட்டு நசுக்கிப் பிழிந்து, அருமையான நீலச் சாறு எடுத்தேன். வழக்கம்போல வினிகரை விட்டேன். என் கண்முன்னாலேயே ஊதாவாக மாறிவிட்டது. "அப்பா, மேஜிக்!" என்றாள் மகள். புளிப்பு பட்டால் அந்தப் பூவின் நிறம் அப்படித்தான் மாறும். நீலம் வேண்டுமென்றால் வினிகர் இல்லாமல் சாற்றை மட்டும் சேர்க்க வேண்டும். மஞ்சள்தூளும் இதே மாதிரி ஒரு கள்ளன், சுண்ணாம்பு பட்டால் சிவப்பாகும். ஆரத்திக் கரைசலே அதுதானே. இவற்றை வைத்துப் பிள்ளைகளுக்கு அரை மணி நேர அறிவியல் பாடம் நடத்தலாம். ஆனால் தீபாவளி வரை நிறம் அப்படியே நிற்க வேண்டுமென்றால் போத்தல் சாயம்தான் நம்பிக்கை. மஞ்சள்தூள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துப்போகும்.

காய வைப்பது: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

நாங்கள் பதினான்காவது மாடி. மதியம் நல்ல வெயில் என்று நான்கு தட்டு அரிசியை வெளி நடையில் பரப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். நான்கு மணிக்கு மழை பக்கவாட்டில் அடித்தது. எழுந்து பார்த்தால் நடை முழுக்கச் சிவப்பு ஓடை, பக்கத்து வீட்டு வாசல் வரை. மூன்று நாள் தேய்த்தேன். ஆகவே வீட்டுக்குள், மின்விசிறிக்கடியில், தட்டில் செய்தித்தாள் விரித்து, ஒரு அரிசி கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். இந்த மாதங்களின் ஈரக்காற்றில் ஒரு முழு இரவு வேண்டும். காலையில் நான்கைந்து அரிசியை எடுத்து வெள்ளை டிஷ்யூவில் வைத்துத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் இன்னும் காயவில்லை. பொறுமை இல்லாமல் அப்படியே டப்பாவில் அடைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வரும். அந்த வாடைக்கு மருந்து கிடையாது, குப்பைத் தொட்டிதான்.

காய்ந்ததைப் போட்டு வைக்க, சீனர்களின் நிலாத் திருநாள் பலகாரமான மூன்கேக் வரும் தகரப் பெட்டி போல ஒன்று வராது. எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு வருடம் தவறாமல் ஒரு பெட்டி மூன்கேக் கொடுப்பார். அன்று இரவு அவர் பேரப்பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளும் தங்லுங் விளக்கைத் தூக்கிக்கொண்டு கீழே சுற்றுவார்கள். எங்கள் தீவில் இலையுதிர்காலம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்த இரவுதான். பெட்டிக்குள் நான்கு குழி வைத்த தட்டு இருக்கும், ஒரு குழிக்கு ஒரு நிறம். தூக்கிக்கொண்டு எந்த மேசைக்கும் போகலாம்.

படம்

முதல் வருடம் எட்டிதழ்த் தாமரையைத் தவிர வேறெதையும் நினைக்காதீர்கள். மயில் வேண்டாம், பிள்ளையார் வேண்டவே வேண்டாம். காரணம் இது: மூன்றுக்கு மூன்று டைலில் நடு ஒன்று, மூலை நான்கு, பக்கம் நான்கு. தாமரையின் நான்கு இதழ் மூலைகளுக்குப் போகும், நான்கு இதழ் பக்கங்களுக்குப் போகும், மொட்டு நடுவில். ஆகவே நீங்கள் வரைய வேண்டியது ஒன்பது படமல்ல, மூன்றே மூன்று.

மணிலா அட்டையில் 30 சென்டிமீட்டர் சதுரம் மூன்று வெட்டுங்கள். முதலாவதில் தட்டைக் கவிழ்த்து ஒரு பெரிய வட்டம், உள்ளே கிண்ணத்தைக் கவிழ்த்து ஒரு சின்ன வட்டம். இரண்டாவதில் மூலைக்கு மூலை குறுக்கே ஒரு இதழ். மூன்றாவதில் நடுவாக நிமிர்ந்த ஒரு இதழ். இதழை வரையத் தெரியாவிட்டால் அட்டையை மடித்துப் பாதி இதழை வெட்டுங்கள், விரித்தால் இரண்டு பக்கமும் சமமாக வந்திருக்கும். வெட்டிய வடிவத்தை டைலில் வைத்துப் பென்சிலால் சுற்றி இழுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோடும் டைலின் விளிம்பைத் தொடக்கூடாது. இதழுக்கும் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் விடுங்கள். தொட்டால், அடுக்கும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணை உறுத்தும். தொடாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. கடைசியாக, டைலைத் திருப்பி வழவழப்பான பக்கத்தில் எண்ணும், நடு எந்தப் பக்கம் என்று ஒரு அம்பும் மார்க்கரில் போட்டுவிடுங்கள். தீபாவளி விடியற்காலை நான்கரை மணிக்கு, எண்ணெய் தேய்த்த தலையோடு, இதற்காக உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள்.

ஒட்டுவது

முதல் இரவு கோடு. இரண்டாம் இரவு நிரப்பு. ஒவ்வொன்றும் பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி, முக்கால் மணி.

கோட்டுக்குக் கூர்மூக்குப் போத்தலில் பசையை எடுத்துப் பென்சில் கோட்டின் மேலேயே இழுங்கள், நூல் கனத்துக்கு. உடனே கறுப்பு அரிசியை மேலே தாராளமாகத் தூவி, விரல் நுனியால் லேசாக அமுக்குங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து டைலைச் சாய்த்துப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டாதது எல்லாம் கீழே விரித்த செய்தித்தாளில் விழும். தாளை மடித்துப் பெட்டிக்குள் கொட்டிவிடலாம், ஓர் அரிசிமணி கூட வீணாகாது. அங்கங்கே இடைவெளி தெரிந்தால் பல்குத்தியில் ஒரு பொட்டுப் பசை, அதில் ஒரு அரிசி. இந்தப் பல்குத்தி வேலைதான் எனக்கு முழுக் கோலத்திலும் பிடித்தது. பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் சிப்பைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இதில் என்ன ஓய்வு என்று மனைவி கேட்பார். சிப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அரிசிக்கு வேண்டாமே.

மறுநாள் நிரப்பும்போது ஒரு நேரத்தில் ஒரே நிறம். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பசையைத் தூரிகையால் தடவுங்கள். அதற்கு மேல் தடவினால் மின்விசிறிக் காற்றில் அரிசி போடுவதற்குள் தோல் கட்டிவிடும். மின்விசிறியை அணைக்கலாமே என்று கேட்பீர்கள். அணைத்துவிட்டு எங்கள் ஊரில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிறம் பிடித்த பிறகு தட்டிவிட்டு, அப்புறம் அடுத்த நிறம். சிவப்பு கொஞ்சம் முரடு, ஈரப் பசையில் கசிந்து பக்கத்து வெள்ளையை ரோஸாக்கிவிடும். நடுவில் கறுப்புக் கோடு இருப்பது அழகுக்கு மட்டுமல்ல, இதைத் தடுக்கவும்தான். அதே காரணத்துக்காக, முடிந்தபின் கெட்டியாகட்டும் என்று பசையைத் தண்ணீரில் கரைத்து மேலே பூசாதீர்கள். எல்லா நிறமும் கரைந்து கஞ்சியாகும். ஒரு டைலை அப்படிப் பறிகொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வேலையைப் பிரிப்பது பற்றி: பத்து வயதுப் பிள்ளைக்குப் பின்னணி நிரப்புவது சரியாக வரும். சின்னப் பிள்ளைக்குத் தூவுவது. பிள்ளைகள் செய்த இடம் கொஞ்சம் கோணலாக வந்தால் இரவில் இரகசியமாகத் திருத்தாதீர்கள். மறுநாள் காலையில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு நீங்கள் தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

ஒட்டிய டைலைப் பொதிபோல ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், செங்குத்தாகச் சுவரில் சாய்த்து, இடையில் செய்தித்தாள் வைத்து, உயரமான இடத்தில் வையுங்கள். 

வாசலில்

அடுக்குமாடியில் நடை எல்லாருக்கும் பொது. மூன்றடிக் கோலத்தை நடுவில் வைத்தால் பின்னால் வருபவர் தாண்ட வேண்டியிருக்கும். சுவரை ஒட்டி வைத்து, ஆள் போகப் பாதை விடுங்கள். இடம் போதாவிட்டால் நடு டைலும் நான்கு பக்க டைலும் மட்டும் வைத்துச் சிலுவைபோல் அமைக்கலாம், அதுவும் கோலம்தான். விளக்கை நேரே அரிசியின் மேல் வைக்க வேண்டாம், எண்ணெய் சொட்டினால் அந்த டைல் முடிந்தது. பித்தளைத் தட்டில் வைத்து மொட்டின் மேல் வையுங்கள். மழைச்சாரல் தெரிந்தால் ஒவ்வொன்றாகத் தூக்கி இரண்டு நிமிடத்தில் உள்ளே கொண்டுவந்துவிடலாம். தரையில் போட்டவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

நான் பத்தாவதாக ஒரு டைலும் செய்வேன், ஒற்றை இதழ். மூன்கேக் பெட்டிக்குப் பதிலாக முறுக்கோடு எதிர்வீட்டுக்குப் போகும். முதல் வருடம் ஆண்ட்டி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சாப்பிடற சாமானா?" என்று மலாயில் கேட்டார். இல்லை ஆண்ட்டி, முறுக்கு மட்டும்தான் என்றேன்.

தீபாவளி முடிந்த பிறகு

ஒட்டின அரிசியில் சில மாதத்தில் வண்டு வரும். பிடித்த ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மீதியை ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். காலையில் பழைய தோசைக்கரண்டியால் சுரண்டினால் ஏடு ஏடாக வந்துவிடும். அதைக் கழிவுக் குழாயில் ஊற்றாமல் வடிகட்டிக் குப்பையில் போடுங்கள், குழாய் அடைத்தால் தீபாவளிக் காசெல்லாம் குழாய்க்காரருக்குப் போகும். டைலைத் துடைத்துக் காயவைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். ஒட்டாமல் மிஞ்சிய சாய அரிசியைப் போத்தலில் இரண்டு காய்ந்த மிளகாயோடு இறுக்கி மூடி, வெளியில் "சாப்பிடக்கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் எழுதி ஒட்டவில்லை. போன தையில், மாமியார் பச்சை நிற அரிசியைப் பார்த்துப் பண்டான் இலைச் சாறு போட்டது என்று நினைத்துப் பாதிப் போத்தலைச் சமைக்கக் களைந்துவிட்டார்.